என்னைத் தாண்டித்தான் போச்சு

மேடை என்று இங்கே ஒன்றும் இல்லை. பயிற்சி அறையில் இரண்டு மேஜைகளை ஒட்டிப் போட்டு மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்திருக்கிறார்கள். அந்த மேஜைகளுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, வார்டு வேலையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் தலைமைச் செவிலியர் அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் சக ஊழியர்களே, முன்வரிசையில் இருக்கும், நம் சாரின் மனைவியான அண்ணி, அண்ணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெண்ணே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கத்த வரும். இந்த அலுவலகத்தில் எனக்குக் கடுகு என்று பெயர். ஆள் சிறியவன் என்பதற்காக வைத்த பெயர் என்று முதல் ஐந்து வருடம் நானே நம்பிக்கொண்டிருந்தேன். சட்டியில் விழுந்ததும் வெடிப்பவன் என்பதற்காக வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்டவனை இன்று பேச விட்டிருக்கிறீர்கள். குரல் எங்கேயாவது உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே வந்தது புகழ்வதற்கு மட்டுமல்ல. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்பது நாட்களுக்கு முன், நம் சாரை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லும் நேரத்தில், அவருடைய மகள் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "மாமா, பேப்பர்ல போட்டாங்களே, அந்த வரி. அது அப்பா எழுதினதா?" என்று கேட்டாள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்ட ஒரே கேள்வி அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். வண்டி அதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தது.

அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். அதற்கு முன் அவர் யார் என்று சொல்லியாக வேண்டும்.

இருபத்து நான்கு வருடம் நம் கெர்னலின் காவலராக இருந்தவர் அவர். குடும்பத்தாருக்காக ஒரு வார்த்தை. ஒரு கணினிக்குள் ஒரே சமயத்தில் ஆயிரம் வேலை நடக்கும். யாருக்கு எந்த இடம், யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் நடு மையம்தான் கெர்னல். அண்ணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வரைக்கும் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. ஒரு நாள் படுத்துவிட்டால் வீடு முழுக்கத் தெரியும். அந்தக் கெர்னலுக்குள் நாங்கள் எழுதும் ஒவ்வொரு மாற்றமும் அவர் படித்து, அவர் 'சரி' என்று எழுதிய பிறகுதான் உள்ளே போகும்.

அவர் அவ்வளவு எளிதில் 'சரி' எழுதிவிடுவாரா? "எனக்கொரு சந்தேகம்" என்றுதான் எழுதுவார். எல்லோருக்கும் எழுதுவார். தலைவர் அனுப்பிய மாற்றத்துக்கும் எழுதினார். தான் அனுப்பிய மாற்றத்துக்குக் கீழேயே ஒரு முறை எழுதி, மறுநாள் தானே பதிலும் எழுதினார். சந்தேகம் சார் என்ற பெயர் அப்படி வந்தது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வரவேற்பறையில் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு முறை அண்ணியையே அனுப்பிவிட்டார்கள். அண்ணி, நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை.

எப்படிப் படிப்பார் தெரியுமா? கீழிருந்து மேலே படிப்பார். நாமெல்லாம் ஒரு நிரலைத் தொடக்கத்திலிருந்து படிப்போம். அவர் முதலில் கடைசிக்குப் போவார். எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தானா, கொடுத்த பிறகு கையை வைக்காமல் இருந்தானா என்று பார்ப்பார். எடுத்ததை வைத்து என்ன சாமர்த்தியம் செய்தான் என்பதெல்லாம் அப்புறம்தான். ஒரு துப்பறியும் நாவலை இரவல் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "எடுத்தவன் மாட்டிக்கிட்டான், போதும்" என்று மதியமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கதை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். இன்னும் கதையே படிக்கவில்லையே என்றார்.

அதோ, சுவரோரம் நிற்கிறார்களே, நம் சோதனைக்காரம்மா. இப்போது இந்தப் பிரிவே அவர்கள் சொல்லுக்கு நடுங்குகிறது. அவர்கள் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு சோதனை நானூறு தடவைக்கு ஒரு தடவை நின்றுபோனது. மேஜையில் உள்ள மெஷின் பழசு என்று எல்லோரும் சொன்னோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். சந்தேகம் சார் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானூறுல ஒண்ணுன்னா, நாலு கோடி மெஷின்ல எத்தனைம்மா?" என்று கேட்டார். ஒரு லட்சம். மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் கோளாறு கிடைத்தது. மெஷின் பழசுதான், ஆனால் தப்பு நம்முடையது. அந்த வெற்றியை அறிவித்த கடிதத்தில் தன் பெயரை அவர் போட்டுக்கொள்ளவே இல்லை, அவர்கள் பெயரை மட்டும் போட்டார். இதையெல்லாம் நாம் நல்ல குணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவே வேலை செய்யும் முறை என்று அவர் நினைத்தார்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த வாரம்.

நமக்கு முன்பின் தெரியாத ஒருவர் ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் கெர்னலில் ஒரு ஓட்டை இருக்கிறது, பதினோரு வருடமாக இருக்கிறது, இதோ நிரூபணம், மூடுவதற்கு அவகாசம் தருகிறேன், அதுவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். கண்ணியமான மனிதர். ஓட்டை என்ன? விடுதி அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறார். மேஜையில் சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் பையில் இன்னொரு சாவி இருக்கிறது. அதே அறைக்கு இன்னொரு குடும்பம் வந்து படுக்கிறது. பழைய ஆள் வந்து சாவியைப் போட்டால் கதவு திறக்கும்! எங்கள் கெர்னலில் நடந்தது அவ்வளவுதான். ஒரு கருவியைக் கழற்றும்போது அது பயன்படுத்திய நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். டைமர் ஒன்று மட்டும் அந்த இடத்தின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு வேறு யாராவது குடிவந்த பிறகு டைமர் வந்து உள்ளே எழுதிவிட்டுப் போகும். விஷயம் தெரிந்தவன் நினைத்தால் மெஷின் முழுவதையும் தன் வசமாக்கிக்கொள்ளலாம்.

எந்த மெஷின்? வீட்டில் படம் பார்க்கிற மெஷின் மட்டும் என்றால் பரவாயில்லை. நோயாளியின் கைக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறதே, அந்த மெஷினிலும் நம் கெர்னல்தான் ஓடுகிறது.

அப்போது நடந்த கூட்டத்தில் இருந்த பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த மாத வெளியீட்டில் 'சிறு மேம்பாடுகள்' என்ற தலைப்பில் இதையும் சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் யோசனை. யார் சொன்னது என்று நான் சொல்லப்போவதில்லை, தலைவர் என்னைப் பார்க்க வேண்டாம். சந்தேகம் சார் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "நோயாளி கையில ஊசி இருக்குங்க. அவங்களுக்குத் தெரியணும்" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த யோசனையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏழு நாளில் மூடினோம். ஊரெல்லாம் அறிவித்தோம். பெரிய மருத்துவமனை ஒன்றில் அத்தனை மெஷின்களையும் நிறுத்தி ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு நாள், செவிலியர்கள் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொட்டு எண்ணினார்கள். இளைஞர்களை அனுப்பலாம் என்றோம். கேட்கவில்லை, அவரே போனார். ஒவ்வொரு படுக்கையாகப் போய் மெஷினைத் திருத்தி, பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படுக்கைக்குப் போனார். தலைமைச் செவிலியர் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்களாம். சற்றுமுன் வாசலில் அவர்களே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்கள். "இந்தத் தப்பைப் பண்ணின ஆளு நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் சொன்ன பதில், "என்னைத் தாண்டித்தான் போச்சும்மா."

என்னைத் தாண்டித்தான் போச்சு! இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். பத்திரிகைக்காரர் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். உறவுக்காரர் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். நான் எழுதினேன் என்று அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. கேட்டவர்கள்தான் அப்படி எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் எடுத்துக்கொண்டார்கள்? நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தக் கோளாறை மூடினாலும், மூடிய குறிப்பின் அடியில், அது எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது, அந்த மாற்றம் யாருடையது என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. எங்கள் பேச்சில் கைரேகை பார்ப்பது என்போம். நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அது காட்டும். கடைசியாகத் தொட்டவர், கவனியுங்கள், முதலில் எழுதியவர் அல்ல. அந்த வரி முதலில் ஒரு பெரிய கோப்பில் இருந்தது. படிக்க முடியாத அளவுக்குக் கோப்பு பெருத்துவிட்டதென்று, சந்தேகம் சார் ஒரு வருடம் கழித்து அதை நான்காகப் பிரித்து வைத்தார். வீட்டைப் பெருக்கியவர் அவர். பெருக்கினதால் ஒவ்வொரு பொருளிலும் அவர் கைரேகை பட்டுவிட்டது.

ஏழாம் நாள் அவசரத்தில் சோதனைக்காரம்மா கைரேகை பார்த்து, அது காட்டிய பெயரைக் குறிப்பில் எழுதினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மூன்று நாளாக வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தவர்கள். அந்தக் குறிப்பு உலகம் முழுக்கப் போனது. பதினோரு வருடம் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிய மனிதர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. மாநாட்டுக்கு அழைத்தவர்கள் இந்த வருடம் வேண்டாம் என்று கடிதம் போட்டார்கள். அவர் மகள் வேலைக்கான நேர்முகத்துக்குப் போன இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, அந்தப் புகழ்பெற்ற அப்பாவா உங்க அப்பா என்று கேட்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பெண்ணே, நீ கேட்டாய். இதோ சொல்கிறேன். அந்த வரியை உன் அப்பா எழுதவில்லை. நான் எழுதினேன்.

கொஞ்சம் பொறுங்கள். தலைவர் அவர்களே, நேற்று நான் காட்டிய தாளில் இது இல்லைதான். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது, அதில் நல்ல நல்ல வார்த்தைகள் எல்லாம் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் தருகிறேன்.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். கடிதம் வந்த முதல் நாளே தெரியும். தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? குறிப்பு வெளியே போன அன்று மாலை அவருடைய மேஜைக்குப் போனேன். அது என் வரி என்று சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும். மெஷினெல்லாம் முதல்ல சரியாகட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. யார் வரவிடாமல் செய்தது? நான்தான். மெஷின்கள் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டன. அதற்குப் பிறகு இருபத்து மூன்று மாதம் நான் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வாழ்த்துச் சொல்ல முதலில் வந்தவர் அவர். கை கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு விஷயத்துக்கும் கத்தாமல் இருந்ததில்லை நான். கத்த வேண்டிய அந்த ஒரே இடத்தில் ஊமையாக இருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடம் இதுதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு. இரங்கல் கூட்டத்தில் இறந்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்வேன். அந்தக் குறிப்பில் தப்பான பெயர் இருக்கிறது என்று தெரிந்தே அவர் 'சரி' எழுதினார். ஒரு அரைப்புள்ளி தப்பாக இருந்தாலே திருப்பி அனுப்பும் மனிதர், ஒரு பெயர் தப்பாக இருந்ததை ஏன் விட்டார்? என்னைக் காப்பாற்றவா? என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? பெருந்தன்மை என்று நீங்கள் சொல்வீர்கள். போன வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைத்துத் தப்பித்துக்கொண்டேன். பெருந்தன்மையான ஒருவர் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வதில் பெரிய குற்றமில்லை, பாருங்கள்!

மாடிப்படியில் இந்தப் பெண் கேட்டதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து, பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதங்களைத் தோண்டி எடுத்தேன். நான் அந்த வரியை முதன்முதலில் அனுப்பிய கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டும் என்றுதான் தேடினேன். கிடைத்தது. அதற்குக் கீழே இன்னும் மூன்று கடிதங்கள் இருந்தன. அவை இருந்ததே எனக்கு நினைவில்லை. படிக்கிறேன்.

முதல் கடிதம், அவர் எழுதியது. "இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு, டைமர் அந்த முகவரியை மறந்துவிடும் என்பதற்கு எது உறுதி? எனக்கொரு சந்தேகம்."

கேட்டுவிட்டாரே! பதின்மூன்று வருடத்துக்கு முன்பே, அந்த ஓட்டை பிறந்த அன்றே, விரலை வைத்துக் காட்டிவிட்டாரே! உலகம் இரண்டு வருடத்துக்கு முன் கண்டுபிடித்ததை அவர் அன்று மதியமே பார்த்துவிட்டாரே!

இரண்டாம் கடிதம், நான் எழுதியது. "நான்தான் உறுதி. வேறு வேலை இல்லையென்றால் சொல்லுங்கள், தருகிறேன்."

எட்டுப் பேர் படிக்கும் பொதுக் கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். மறுநாள் வெளியீடு. எனக்கு அவசரம். அவர் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.

மூன்றாம் கடிதம், அவருடையது. ஒரே ஒரு வார்த்தை. "சரி."

இப்போது புரிகிறதா, என்னைத் தாண்டித்தான் போச்சு என்று அவர் ஏன் சொன்னார் என்று? என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதல்ல அது. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். தெரியாமல் எழுதியவன் நான். தெரிந்து, சந்தேகப்பட்டு, ஒருவன் கத்தினான் என்பதற்காக விட்டுக்கொடுத்தவர் தான் என்று அவர் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டார். அது நியாயமா? நியாயமே இல்லை. கதவைத் தள்ளித் திறந்தவன் ஒருத்தன், தடுத்தும் முடியாமல் ஒதுங்கியவர் ஒருத்தர். இருவரும் ஒன்றா?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அண்ணியும் அறிய மாட்டார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக அவர் மேஜையில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. இருநூற்றுப் பதினான்கு எண்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். அந்த ஓட்டையைப் போல வேறு எங்கெல்லாம் இருக்கலாம் என்று தேடுகிறார் என நாம் எல்லோரும் நினைத்தோம். சோதனைக்காரம்மாவும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்த வாரம் நானும் அவர்களுமாக அந்த எண்களைப் பழைய கடிதங்களோடு வைத்துப் பார்த்தோம். நாற்பதாவது எண்ணிலேயே அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "இது எல்லாமே சார் கேள்வி கேட்டு, பதில் வராம 'சரி' போட்டதுங்க" என்றார்கள்.

இருபத்து நான்கு வருடத்தில் அவர் கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு கேள்வியும் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போய், அன்று யாரும் சொல்லாத பதிலைத் தானே தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நூற்று முப்பத்தொன்று முடித்திருந்தார். அதில் ஒன்பது இடத்தில் அவருடைய சந்தேகம் சரியாக இருந்தது. ஒன்பது ஓட்டைகள்! எல்லாவற்றையும் ஓசையில்லாமல் அடைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும், எழுதியவர் பெயரைச் சரியாகக் கண்டுபிடித்து எழுதி, அவருக்குத் தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். இங்கே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் அந்தப் போன் வந்தவர்கள். நான் யாரென்று சொல்ல மாட்டேன். நீங்களும் கத்தியவர்கள்தான், ஆனால் என் அளவுக்கு இல்லை. இருநூற்றுப் பதினான்கில் அறுபத்திரண்டு கேள்வி நான் ஒருவனே வாயை அடைத்த கேள்வி.

அவரை ஏன் பதில் இல்லாமல் விட்டோம்? கேட்கிறேன். முரடர்களா நாம்? இல்லை. வேலை தெரியாதவர்களா? இல்லை. நமக்கு நேரமில்லை, அவ்வளவுதான். மெதுவாகப் பேசுகிறவரிடம், நேரமில்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அவர் திருப்பிக் கத்த மாட்டார் என்று நமக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினோம்.

போன வியாழக்கிழமைக்கு முந்தைய வியாழன், இரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில், தன் முறை வருவதற்குக் காத்திருந்த நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது. மடியில் அந்தப் பட்டியலின் நகல் இருந்ததாக அண்ணி சொன்னார்கள். காத்திருக்கும் நேரத்தில்கூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐயோ, அந்த நாற்காலியில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாதா? 'அப்புறம் பேசலாம்' என்றீர்களே, இப்போது பேசலாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவர் மன்னித்திருப்பார். மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு சந்தேகமும் கேட்டிருப்பார்.

நம் தொழிலில் வெளியே போன குறிப்பை அழிக்க முடியாது. நேற்று எழுதியது என்றைக்கும் அப்படியே இருக்கும், அதற்குக் கீழே புதிதாக ஒன்றை எழுதி வைக்கத்தான் முடியும். இன்று காலை ஒன்பது மணிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த வரி என்னுடையது, இந்தத் தேதியில் அனுப்பினேன், அன்றே அவர் இந்தக் கேள்வியைக் கேட்டார், நான் இப்படிப் பதில் சொன்னேன் என்று மூன்று கடிதங்களையும் அப்படியே சேர்த்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுதிய பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் போடுவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. பெண்ணே, ஒரு பிரதி உன் பெயருக்கும் வந்திருக்கும். இனி எந்த அறையிலாவது எவனாவது சிரித்துக்கொண்டே கேட்டால், அவன் முன்னால் அதை எடுத்து வை. இரண்டு வருடம் தாமதம். அந்த இரண்டு வருடத்தை என்னால் உனக்குத் திருப்பித் தர முடியாது. அண்ணி, உங்களுக்கும்தான். உங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். என்னை வெறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அவருடைய இடத்தில் என்னை உட்காரச் சொல்லி நேற்றுத் தலைவர் கேட்டார். இன்றைக்கு இங்கே அறிவிப்பதாகவும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நான் கெடுத்துவிட்டேன். அந்த நாற்காலிக்குச் சோதனைக்காரம்மா பொருத்தமானவர் என்பது என் எண்ணம். என்னை என்ன செய்வதென்று நிறுவனம் முடிவு செய்துகொள்ளட்டும். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன், ஒரே ஒரு வேண்டுகோளோடு. எண்பத்து மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. அதில் பத்தொன்பது என்னிடம் கேட்டவை. அந்தப் பத்தொன்பதுக்கும் பதில் எழுதிவிட்டுப் போகிறேன். மீதி அறுபத்து நான்கும் உங்களில் யாரிடம் கேட்டவை என்று வாசலில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. போகும்போது உங்கள் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். வேறு அஞ்சலி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நேற்று முதல் கேள்வியை எடுத்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் கேட்டது. ஒரே சமயத்தில் இரண்டு பேர் இந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கிறேன். காலையிலிருந்து மதியம் வரை அந்த நிரலைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். பிறகு மேலிருந்து கீழாகப் படித்தேன். கடைசியில் அவருடைய கேள்விக்கு நேர் கீழே, ஒன்பது வருடம் காலியாகக் கிடந்த இடத்தில், அவருக்கே எழுதினேன்.

"தெரியவில்லை சார். நீங்கள் கேட்டது நியாயம். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."